பழைய கம்ப்யூட்டருக்குக் காது மட்டும்தான்

போன வியாழக்கிழமை மதியம் எங்கள் வீட்டு ஹாலில், முப்பத்தைந்து வருஷத்துக்கும் மேல் வயதான ஒரு கம்ப்யூட்டரின் காதில் என் செல்போன் நான்கு நிமிஷம் கத்தியது. முதலில் கீ... என்று நீளமாக ஒரு சத்தம். பிறகு கிர்ர்ர் என்று ஒரு சத்தம். கீழ்வீட்டுக்காரர் மாடியேறி வந்து, "மிக்ஸி ஏதாவது கெட்டுப்போச்சுங்களா?" என்று விசாரித்துவிட்டுப் போனார்.

மிக்ஸி நன்றாகத்தான் இருக்கிறது. நடந்துகொண்டிருந்தது ஒரு விசாரணை. விசாரிக்கப்பட்டவன் நான்.

மூன்று வாரத்துக்கு முன் இந்தப் பக்கத்தில் ஒரு பழம்பெருமை எழுதியிருந்தேன். படிக்காதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். எண்பதுகளின் கடைசியில் நான் நெய்வேலி மைன்ஸில், கன்வேயர் செக்‌ஷனில் ஷிஃப்ட் இன்சார்ஜ். என்னையும் சேர்த்துப் பன்னிரண்டு பேர். யாருக்கு எந்த நாள் எந்த ஷிஃப்ட், யாருக்கு எப்போது வார ஆஃப், பொங்கல் தீபாவளிக்கு யாருக்கு லீவு... இந்த லிஸ்ட்டைப் போட்டு முடிப்பதற்குள் மாதம் ஒரு சண்டை வரும். அந்தச் சண்டையை ஹோம் கம்ப்யூட்டரில் ஒரு புரோகிராம் எழுதித் தீர்த்ததற்காக எனக்கு மேடையேற்றிப் பரிசும் சான்றிதழும் கொடுத்தார்கள். இதைத்தான் எழுதியிருந்தேன். 'நான் எழுதிய புரோகிராம்' என்று நான்கு இடத்தில் வந்திருந்தது.

எண்ணியது நான் இல்லை. என் மனைவி கௌசல்யா.

அன்று காலை காபியோடு அந்தப் பக்கத்தைப் படித்தாள். மடித்து வைத்தாள். திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். மறுநாள் ஸ்டூலைப் போட்டு லாஃப்ட்டில் ஏறினாள்.

"என்ன தேடுற?"

"கம்ப்யூட்டரு."

"இப்ப எதுக்கு அது?"

"ஓட்டிப் பாக்கத்தான். யாரு எழுதினதுன்னு அதுக்குத் தெரிஞ்சிருக்கும் இல்ல?"

இங்கே கௌசல்யாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஊர் குறிஞ்சிப்பாடி. கடலூரில் பி.எஸ்ஸி. கணிதம் படித்தவள். அந்தக் கம்ப்யூட்டர் அவளுடைய அண்ணன் மஸ்கட்டிலிருந்து வரும்போது கொண்டுவந்தது. 'மச்சான் எனக்குப் பரிசளித்த கம்ப்யூட்டர்' என்று எழுதியிருந்தேன். மச்சான் கொண்டுவந்தது உண்மை. கொடுத்தது தங்கைக்கு.

நான் விருதுநகர்ப் பக்கம். நெய்வேலியில் எல்லா ஜில்லாக்காரர்களும் கலந்து கிடப்பதால் எங்கள் எல்லோர் பேச்சும் தேய்ந்து ஒரே மாதிரி ஆகிவிட்டது. கௌசல்யாவுக்கு மட்டும் கோபம் வந்தால் குறிஞ்சிப்பாடி வந்துவிடும்.

"நான் சொல்லச் சொல்ல நீ டைப் அடிச்சே. அதுதானே நடந்தது?" என்றேன். சத்தியமாக எனக்கு அப்படித்தான் ஞாபகம்.

"ஓகோ" என்றாள். "நான் டைப் அடிச்சிக்கினு மட்டும் இருந்தேன்."

கொஞ்ச நேரம் பெட்டியின் தூசியைத் தட்டினாள். பிறகு என்னைப் பார்க்காமலே சொன்னாள். "ஊருக்கு என்ன வேணா எழுதுங்க. நம்ம பொண்ணு அதப் படிச்சிட்டு 'எனக்கு அப்பா மூளைம்மா'ன்னு போன்ல சொல்லுது. நாளைக்கு நான் இல்லாமப் போனா, அம்மா இந்த வூட்ல சமைச்சிக்கினு மட்டும் இருந்தாங்கன்னுதானே அது நெனச்சிக்கும்?"

மகளும் இப்போது அதே கம்பெனியில்தான் இன்ஜினீயர். ஆறு மாத டிரெய்னிங்குக்கு வெளியூர் போயிருக்கிறாள். நாங்கள் இருப்பது அவள் பெயரில் இருக்கும் குவார்ட்டர்ஸில். ஆஸ்பத்திரி கார்டில் நான் அவளைச் சார்ந்திருப்பவன். அவளிடம் போய் 'ஒரு சின்னத் தப்பு நடந்துவிட்டது' என்று சொல்வது லேசான காரியமா? அதனால் நானும் கம்ப்யூட்டர் என் பக்கம் சாட்சி சொல்லட்டும் என்று முடிவு செய்தேன்.

கம்ப்யூட்டர் என்றதும் நீங்கள் கற்பனை செய்வது மாதிரி இல்லை. ஒரு நோட்டுப் புத்தகம் அளவு. மேலே ரப்பர் பட்டன்கள். திரை கிடையாது, டி.வி.யோடு இணைக்க வேண்டும். டி.வி.யில் அரை மணி நேரம் சேனல் தேடிய பிறகு, வெள்ளைத் திரையில் கீழே ஒரு சின்ன எழுத்து வந்து நின்றது. அதற்கே நான் கைதட்டினேன். கௌசல்யா தட்டவில்லை.

பட்டன்களை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தாள். முக்கால்வாசி செத்துவிட்டன. உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் ஷீட் காய்ந்து வெடித்திருக்க வேண்டும். நம்பர் பட்டன் ஒன்றுகூட வேலை செய்யவில்லை. நல்லவேளையாக, வெளியிலிருந்து புரோகிராமை ஏற்றச் சொல்வதற்கான இரண்டு மூன்று பட்டன்களும் என்டரும் வேலை செய்தன. அதாவது, கையால் எதையும் அடித்துச் சேர்க்க முடியாது. சொன்னால் கேட்டுக்கொள்ளும்.

கேட்டுக்கொள்ளும் என்பது பேச்சுக்குச் சொல்வதில்லை. அந்தக் காலத்து வீட்டுக் கம்ப்யூட்டர்களில் புரோகிராமைச் சத்தமாக மாற்றி கேசட்டில் பதிந்து வைப்பார்கள். திரும்ப வேண்டுமென்றால் டேப் ரெக்கார்டரிலிருந்து ஒரு வயரைக் கம்ப்யூட்டரின் காதில் செருகி கேசட்டை ஓட்ட வேண்டும். கீ என்றால் 'தயாராக இரு'. கிர்ர்ர் என்றால் புரோகிராம்.

சரி, அந்த கேசட் எங்கே?

கேசட் இருந்தது. டேப் ரெக்கார்டர் இல்லை. தங்கவேலுவுக்கு போன் போட்டேன். முத்தாண்டிக்குப்பத்துக்காரர். என் செக்‌ஷனில் பெல்ட் பார்த்தவர், என்னோடு ரிட்டயர் ஆனவர். எந்தப் பொருளையும் தூக்கிப் போடாத மனிதர். டூவீலரின் முன்னால் டேப் ரெக்கார்டரை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரத்தில் வந்துவிட்டார்.

வயரைச் செருகுவதற்கு முன் ஒருமுறை ஓட்டிக் கேட்போம் என்றாள் கௌசல்யா. ஓட்டினோம். கீ வரவில்லை. கிர்ர்ர் வரவில்லை. "மேடையில் அமர்ந்திருக்கும் பெரியோர்களே..." என்று என் குரல் வந்தது.

விஷயம் இதுதான். பரிசளிப்பு விழாவில் நான் பேசுவதைப் பதிவு செய்ய ஒரு கேசட் தேவைப்பட்டது. வீட்டில் இருந்ததில் ஒன்றைப் போட்டுப் பார்த்தேன். வெறும் கிர்ர்ர். கெட்டுப்போன கேசட், போனால் போகட்டும் என்று எடுத்துப் போய், அதன் மேலேயே பேசி வைத்துவிட்டேன்.

"எழுதினவருக்கு அந்தச் சத்தம் தெரியாமப் பூடுமா?" என்று கௌசல்யா கேட்டாள். என்னிடம் இல்லை, தங்கவேலுவிடம். அவர் டேப் ரெக்கார்டரின் பட்டன்களைத் துடைக்க ஆரம்பித்தார்.

இருந்தாலும் விடக்கூடாது என்று, பேச்சுக்கு அடியில் ஏதாவது மிச்சம் இருக்கும் என வயரைச் செருகி ஓட்டச் சொன்னேன். கம்ப்யூட்டர் என் பேச்சை ஏழு நிமிஷம் பொறுமையாகக் கேட்டது. எதையும் ஏற்றுக்கொள்ளவில்லை.

அத்தோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். உள்ளூரக் கொஞ்சம் ஆறுதலும்கூட. சாட்சி இல்லாத வழக்கு தானாகவே தள்ளுபடியாகிவிடும் இல்லையா? கௌசல்யா பீரோவைத் திறந்து, புடவைகளுக்குக் கீழேயிருந்து ஒரு நீல நிற நோட்டை எடுத்தாள். புரோகிராம் முழுக்க அதில் கையால் எழுதியிருந்தது. அவள் கையெழுத்து.

"கையெழுத்து உன்னுதா இருக்கலாம். நான் சொல்லி நீ எழுதியிருக்கலாமே" என்றேன். இந்த வயதிலும் எனக்கு எங்கே நிறுத்துவது என்று தெரிவதில்லை.

அவள் மகளின் பழைய லேப்டாப்பைத் திறந்தாள். மூன்று நாள். சமையல் முடிந்ததும் உட்காருவாள். நூற்று எண்பது வரிகளை ஒரு விரலால் அடித்தாள். நடுவில் ஒரு இடத்தில் நிறுத்தி, நோட்டைப் பார்த்து, "இந்த எடத்துல அப்பவே தப்பு பண்ணியிருக்கேன், பாரு" என்று தனக்குத்தானே சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்து எத்தனை நாளாகிறது என்று யோசித்தேன். யோசித்ததோடு சரி.

இப்போது இன்டர்நெட்டில் இதற்கென்றே இலவச சாஃப்ட்வேர் இருக்கிறது. லேப்டாப்பில் அடித்த புரோகிராமைக் கொடுத்தால், கேசட்டில் இருக்க வேண்டிய அதே கீ, அதே கிர்ர்ர் ஆக மாற்றிக் கொடுத்துவிடும். அந்த ஃபைலை ஓட்டினால் போதும். பழைய கம்ப்யூட்டருக்கு எதிரில் இருப்பது டேப் ரெக்கார்டரா லேப்டாப்பா என்று தெரியாது. அதற்குக் கண் இல்லை. காது மட்டும்தான்.

லேப்டாப்பின் ஹெட்ஃபோன் ஓட்டை ஆட்டம் கண்டிருந்தது. அதனால் ஃபைலை என் போனுக்கு மாற்றி, போனிலிருந்து ஓட்டுவது என்று முடிவானது. "கேபிள் வாங்கிக்கினு வரேன், அதுக்குள்ள எதையும் தொடாதீங்க" என்று சொல்லிவிட்டு அவள் மெயின் பஜாருக்குப் போனாள்.

தொடாமல் இருக்க முடியுமா? இதற்குப் போய் கேபிளா என்று, லேப்டாப்பில் சத்தத்தை ஓடவிட்டு, பக்கத்தில் போனைப் பிடித்து வாட்ஸ்அப்பில் வாய்ஸ் மெசேஜாகப் பதிந்து எனக்கே அனுப்பிக்கொண்டேன். நடுவில் அடுப்படியில் குக்கர் இரண்டு விசில் விட்டது. அவள் திரும்பி வந்ததும் பெருமையாகப் போட்டுக் காட்டினேன். கம்ப்யூட்டர் எரர் என்றது.

வாட்ஸ்அப் மனிதர்களின் காதுக்குப் போதும் என்கிற அளவுக்குச் சத்தத்தைச் சுருக்கித்தான் அனுப்புமாம். மனிதன் பாதி கேட்டு மீதியைத் தானே நிரப்பிக்கொள்வான். இந்த மெஷினுக்கு அந்தக் கெட்டிக்காரத்தனம் கிடையாது. சொன்னதை முழுசாகக் கேட்கும், ஒரு துளி குறைந்தாலும் ஏற்காது. இதையெல்லாம் கௌசல்யாதான் விளக்கினாள். குக்கர் விசிலைப் பற்றித் தனியாக ஒன்று சொன்னாள், அது வேண்டாம்.

அடுத்தது வியாழக்கிழமை. கேபிள் வழியாக ஃபைலை முறையாகப் போனில் ஏற்றினாள். டேப் ரெக்கார்டரைத் திரும்ப எடுத்துப்போக வந்த தங்கவேலுவும் உட்கார்ந்துவிட்டார். போனை வயரால் கம்ப்யூட்டரின் காதோடு இணைத்து, வால்யூமை முக்காலுக்கு வைத்து ஓட்டினாள். காதில் விழுவதைக் கம்ப்யூட்டரே தன் ஸ்பீக்கரில் திருப்பிக் கத்தியது. கீ... கிர்ர்ர்... டி.வி.யின் ஓரங்களில் கோடு கோடாக ஓடியது. மூவரும் மூச்சு விடாமல் பார்த்தோம். ஒரு நிமிஷம். இரண்டு. மூன்று. மூன்றே முக்கால் நிமிஷம் இருக்கும்...

கொக்கரக்கோ என்றது போன்.

மணி பன்னிரண்டே கால். மதிய ஷிஃப்ட்டுக்கு பஸ் பிடிக்க வைத்த அலாரம். காலை ஷிஃப்ட்டுக்கு ஒன்று, மதியத்துக்கு ஒன்று, ராத்திரிக்கு ஒன்று. ரிட்டயர் ஆகி ஆறு வருஷமாக மூன்றும் தினமும் கூவுகின்றன. எனக்குக் காதில் விழுவதே இல்லை. கம்ப்யூட்டருக்கு விழுந்தது. கோழி அதற்குப் புரியாத விஷயம். எரர்.

"இன்னுமா சார் ஷிஃப்ட்டுக்குப் போய்க்கினு இருக்கீங்க?" என்றார் தங்கவேலு.

கௌசல்யா கையை நீட்டினாள். போனைக் கொடுத்தேன். ஃப்ளைட் மோடில் போட்டாள். பிறகு ஒவ்வொரு அலாரமாக எடுத்தாள். முப்பத்திரண்டு வருஷ சர்வீஸ் மூன்றே தட்டில் முடிந்தது. வால்யூமை ஒரு புள்ளி குறைத்தாள். எங்கள் இருவரையும் பார்த்து, "யாரும் பேசக் கூடாது" என்றாள்.

கீ... கிர்ர்ர்... நான்கு நிமிஷம். கோடுகள் நின்றன. திரை ஒருமுறை காலியானது. பிறகு மேலே ஜனவரி என்று வந்து, கீழே ஆங்கில எழுத்தில் பெயர்கள் ஒவ்வொன்றாக விழ ஆரம்பித்தன. நம்பர் பட்டன் வேலை செய்யாததால் மாதத்தை உள்ளேயே எழுதி வைத்திருக்கிறாள்.

மல்லிகா. ராஜாத்தி. சரோஜா. பாக்கியம். ஜோதி...

"ஏதோ தப்பு" என்றேன். "யாரு இவங்கள்லாம்? நம்ம செக்‌ஷன்ல பொம்பளைங்களே கிடையாதே?"

கௌசல்யா என்னைப் பார்த்தாள். தங்கவேலு எழுந்து டி.வி.க்குக் கிட்டே போய், இரண்டாவது வரியைத் தொட்டார்.

"ராஜாத்தி... எங்க வூட்டுல சார்."

அந்தப் பதினோரு பேரோடு எத்தனையோ வருஷம் வேலை பார்த்திருக்கிறேன். அவர்கள் வீட்டுக் கல்யாணம், காதுகுத்து எல்லாவற்றுக்கும் போய்ச் சாப்பிட்டிருக்கிறேன். ஒருவர் மனைவி பெயரும் எனக்குத் தெரியவில்லை. புரோகிராமை நான் எழுதியிருந்தால் இந்தப் பெயர்கள் அதற்குள் எப்படி வந்திருக்கும்?

"உங்க ஆளுங்கள எனக்கு எப்படித் தெரியும்?" என்றாள் கௌசல்யா. "அவங்க வூட்டுப் பொம்பளைங்களத்தான் தெரியும். சாயங்காலம் புள்ளைங்கள வெளையாட வுட்டுட்டு பார்க்ல உக்காந்துகினு பேசுவோம். யாரு போன பொங்கலுக்கு ஆளில்லாம தனியா பொங்க வச்சது, யாரு மாமியாருக்கு ஆப்பரேசன், யாரு வூட்ல ராத்திரி ஷிஃப்ட்டு முடிஞ்சி தூங்காமயே காலை ஷிஃப்ட்டுக்குப் போனாரு... எல்லாத்தையும் கேட்டுக்கினு வந்துதான் எழுதினேன். ஆபீசுக்கு எடுத்துக்கினு போறேன்னீங்க. அதுக்கப்புறம்தான் ஆம்பளைங்க பேரா மாத்திக் குடுத்தேன்."

போன வருஷம் பண்டிகைக்கு வேலை பார்த்தவருக்கு இந்த வருஷம் லீவு என்று அந்தப் புரோகிராம் ஞாபகம் வைத்துக்கொள்ளும். பரிசுக் கமிட்டியில் இருந்தவர்கள் இதைத்தான் வியந்தார்கள். அது எனக்கு எப்படித் தோன்றியது என்று அவர்களுக்குப் பத்து நிமிஷம் விளக்கினேன். எப்படி விளக்கினேன் என்று இப்போது எனக்கே தெரியவில்லை.

"உமக்குத் தெரியுமா?" என்று தங்கவேலுவைக் கேட்டேன்.

"அப்பவே தெரியும் சார். எங்க வூட்டுல சொல்லிச்சி, இந்த மாசத்துலேர்ந்து லிஸ்ட்டு சார் வூட்டம்மா போடுறாங்க, ஒண்ணும் சண்ட வராதுன்னு. எல்லாருக்குமே தெரியும்."

"என்கிட்ட ஒருத்தரும் சொல்லலையே?"

"அது... நீங்கதான சார் எங்களுக்குச் சொல்லணும்?"

பெயர்கள் விழுந்து முடிந்தன. கடைசியில், பன்னிரண்டாவதாக, கௌசல்யா. பொங்கலுக்கு நேராகக் காலை ஷிஃப்ட். அந்தப் பொங்கல் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பானை பொங்கும்போது நான் இல்லை. அடுத்த தீபாவளிக்கும் இல்லை. இதையே மேடையில் சாமர்த்தியமாகப் பயன்படுத்திக்கொண்டேன். உருவாக்கிய எனக்கே லீவு கொடுக்காத மெஷின், அவ்வளவு நியாயமானது என்றேன். பலத்த கைதட்டல்.

"நம்மள ஏன் கடைசில போட்டே?" என்று கேட்டேன்.

"ரெண்டு பேருக்குச் சமமா வந்தா கடைசில இருக்கறவங்க வுட்டுக் குடுக்கணும்னு ஒரு வரி எழுதினேன். எழுதறவளே தம் பேர மேல போட்டுக்கினா, மத்தவங்க எப்படி நம்புவாங்க?"

அவள் என்னைக் குத்திக் காட்டவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னாள், அவ்வளவுதான். எனக்கு வெட்கமாக இருந்தது. தங்கவேலு இல்லாத இடத்தில் வெட்கப்பட்டிருந்தால் கொஞ்சம் சௌகரியமாக இருந்திருக்கும். வெட்கம் அப்படியெல்லாம் இடம் பார்த்து வருவதில்லை.

மகளுக்கு அன்று சாயங்காலமே போன் செய்து நானே சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டு, "அந்த நோட்டை நான் வர்ற வரைக்கும் பத்திரமா வைங்கப்பா, அம்மாகிட்ட வரி வரியாக் கேக்கணும்" என்றாள். கௌசல்யா போனை வாங்கிக்கொண்டு பால்கனிக்குப் போய்விட்டாள். ஒரு மணி நேரம் பேசினார்கள். என் போன்தான்.

இதையெல்லாம் எழுதி, அனுப்புவதற்கு முன் அவளிடம் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மெதுவாகப் படித்தாள்.

"நல்லாத்தான் இருக்குது" என்றாள். "ஆனா இதுலயும் நீங்கதான் ஜாஸ்தி வர்றீங்க."

திரும்பப் படித்துப் பார்த்தேன். உண்மைதான். அவசரத்தில் இருப்பவர்கள் மேலே உள்ள எதையும் படிக்க வேண்டாம், இந்த வாரச் செய்தி ஒரே வரிதான்: அந்தப் புரோகிராமை எழுதியவர் கௌசல்யா.